“பொம்மை” என்று சிரித்தவர்களுக்கு

எந்த வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை. மூன்று நாளாக ஓடுகிறது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், பீடத்தின் தலைவரான பீடாதிபதி (டீன்) கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்கிறார். தலைப்பு “பொம்மை”. கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு, அதில் மூன்று என் சொந்தக்காரருடையது. “முதுகெலும்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திட்டார்” என்று கொமெண்ட் போட்டவர் என் மருமகன். நல்லாய் எழுதுகிறாய் தம்பி.

நான் 27 வருடம் பீட அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். யாழ்ப்பாணத்துக்கு வெளியே, இடத்தின் பேர் வேண்டாம். ஐந்து பீடாதிபதிகளுக்குக் கடிதம் அடித்திருக்கிறேன். அவர்களைப் பள்ளிக்கூட அதிபர் மாதிரி நினைக்காதீர்கள். இலங்கையின் 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி பீடாதிபதியைத் தெரிவு செய்வது பீடச்சபை. கூட வேலை செய்கிற ஆட்களே வாக்குப் போட்டு மூன்று வருடத்துக்குக் கதிரையில் இருத்துகிறார்கள். காலம் முடிய அவர் திரும்பவும் அவர்களுக்குப் பக்கத்து அறையில்தான். யாரை அதட்டுவது?

ஒருமுறை இறுதி வருடப் பெறுபேறு இழுபட்டது. விடைத்தாளை முதல் பரீட்சகர் திருத்தி முடித்துவிட்டார், கட்டு இரண்டாம் பரீட்சகரின் அலுமாரியில். அவரோ எங்கள் பீடாதிபதிக்கே படிப்பித்தவர். மூன்று கடிதம் போய்ப் பதில் இல்லை. நாலாவது நாள் எங்கள் பீடாதிபதி சேர் தானே படியேறிப் போனார். நான் கோவையோடு பின்னால். கதவுக்கு வெளியில் நின்று, “சேர், பிள்ளையள் வேலைக்கு விண்ணப்பிக்க வேணும், கொஞ்சம் பாத்துத் தாங்கோ” என்றார். சேர்ட்டின் முதுகு நனைந்திருந்தது. கீழே முற்றத்தில் அதே பிள்ளைகள் அவருடைய பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். தாமதம் யாருடையது என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் சத்தம் வேறு அறைக்குப் போயிருக்கும். சொல்லவில்லை. அன்றைக்கு யாரிடமும் போன் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

சரி, கெட்டிக்காரரும் இருந்தார்கள். அவருக்குப் பின் வந்த அம்மா ஒவ்வொரு பீடச்சபைக் கூட்டத்திலும் திருத்தி வராத பாடங்களின் குறியீட்டை மட்டும் வாசிப்பார். ஆளின் பேர் இல்லை, ஏச்சு இல்லை. கூட்டக் குறிப்பில் ஏறும், அவ்வளவுதான். மூன்றாவது கூட்டத்தில் பட்டியல் பாதியாகிவிட்டது. இந்த வித்தையை அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நேற்றுவரை ஆய்வுகூடத்தில் இருந்தவரைப் பிடித்து, இந்தா நிதி, இந்தா ஒழுக்காற்று விசாரணை என்று கொடுத்தால் வேறென்ன செய்வார்?

“அப்ப ஏன் தேர்தலில் நின்றவர்? கொடுப்பனவும் மரியாதையும் வேணும் என்றுதானே?” என்று கேட்பீர்கள். சிலர் அதுக்கு நின்றதும் உண்டு, மறுக்கவில்லை. வேறு ஆள் இல்லாமல் தலையில் கட்டியதும் உண்டு.

“பகிடிவதைக்கு நடவடிக்கை எடுக்காத பீடாதிபதிக்கு ஏன் வக்காலத்து?” இது நியாயமான கேள்வி. ராகிங் என்கிற இந்தப் பகிடிவதைக்கு எதிராக 1998லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் காலையில் அழுதுகொண்டு முறைப்பாடு எழுதின பிள்ளை, பின்னேரம் தகப்பனோடு வந்து “கிழிச்சுப் போடுங்கோ” என்று கும்பிட்டதை நான் கண்டவன். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் வெளிநாடு போன கதை ஊருக்கே தெரியும். மிச்சமிருப்பவர்களிடம் “இந்தப் பாடத்தையும் எடுங்கோ” என்று கெஞ்சுவதும் அந்தப் பொம்மைதான்.

வீடியோவில் நிற்பவரை எனக்குத் தெரியாது. நல்லவரோ கெட்டவரோ, அதுவும் தெரியாது. ஆனால் அந்த நிற்பு தெரியும். எங்கள் சேர் ஓய்வுபெற்ற நாளில் மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமை. முற்றத்தில் கத்தின பிள்ளைகளை விடுங்கள், அவருக்கு வாக்குப் போட்டவர்களே வரவில்லை. வடை மிஞ்சிப்போய் நானும் காவலாளியும் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

தம்பி, கொமெண்டை அழிக்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாய்தானே, அங்கே வைத்துக் கதைப்போம்.