பந்தைக் கொடுத்துவிடுங்கள் ஐயா!

இந்த மாதத்தில் இது நான்காவது முறை. ஆஸ்திரேலிய ஃபுட்பால் பழகும் என் மகளின் பந்து வேலி தாண்டிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் தரமாட்டேன் என்கிறார். "ஞாயிற்றுக்கிழமை தருகிறேன், அதுவரை உங்கள் மகளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும்" என்கிறார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன பாடம்? யார் இவரைப் பாடம் நடத்தச் சொன்னார்கள்?

மெல்பர்னில் ஜூலை மாதம் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பள்ளி விட்டு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில்தான் அவள் பழக வேண்டும். வலக்காலில் ஐம்பது, இடக்காலில் ஐம்பது உதை, இது பயிற்சியாளர் கொடுத்த கணக்கு. துணி காயப்போடும் கம்பத்தில் கட்டிய பழைய துண்டுதான் குறி. நேற்று வலக்கால் ஐம்பதும் முடிந்தது, ஒன்றுகூட வெளியே போகவில்லை. இடக்காலில் முப்பத்தேழாவது உதை. நான்தான் எண்ணிக்கொண்டு நின்றேன். பந்தை நேராக நிறுத்திப் பிடித்தாள், ஒரு கையால் பாதத்துக்கு இறக்கினாள், கொஞ்சமே கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கால் பந்தின் கீழ்முனையில் படாமல் பக்கவாட்டில் பட்டது. கம்பத்தில் மோதி, புல்லில் முனை குத்தி, ஒரு நொடி நின்றது. அப்புறம் எகிறியது பாருங்கள்! வேலியின் தகர விளிம்பில் 'டங்' என்று பட்டு அந்தப் பக்கம் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. ஒரு செடி ஒடியவில்லை. வெறும் புல்லில் விழுந்த பந்து.

அது உருண்டைப் பந்து இல்லையே! முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாரால் சொல்ல முடியும்? அவள் பழகும் டிராப் பன்ட் என்ற உதை என்றாலே அந்தக் கீழ்முனையில் பாதம் படுவதுதான். சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகக் கரணம் போட்டுக்கொண்டே நேராகப் போகும், எதிரே நிற்பவர் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கலாம். கையை விடும்போது விரற்கடை சாய்ந்தாலும் போச்சு. ஆயிரம் தடவை உதைக்காமல் இது எப்படிக் காலுக்கு வரும்? ஆட்ட மைதானம் 135 முதல் 185 மீட்டர் நீளம். எங்கள் கொல்லைப்புறம் பதினாறு காலடி தூரம். பக்கத்து விளையாட்டு மைதானத்துக்குப் போகலாமென்றால், நல்ல மழை பெய்தால் பூட்டிவிடுகிறார்கள். பூட்டாத நாளில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. சரி, ஹேண்ட்பால் என்கிற கைக்குத்தாவது பழகட்டும் என்று உள்ளங்கையில் பந்தை வைத்து மறுகை முஷ்டியால் சுவரில் குத்தவிட்டால், அந்தச் சத்தமும் அவருக்கு ஆகவில்லை.

இத்தனைக்கும் இவர் யார் தெரியுமா? கழுத்தில் கிளப் துண்டைச் சுற்றிக்கொண்டு சனிக்கிழமை இந்த ஆட்டம் பார்க்க எம்சிஜி என்ற பெரிய மைதானத்துக்குப் போகிறவர். போகாத வாரம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, "இவனுக்கு நேராக உதைக்கத் தெரியவில்லை!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறவர். அங்கே நேராக உதைக்கிற ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டு வேலிக்கு மேலே உதைத்துப் பழகியவர்கள்தானே?

வாசலில் நின்று கேட்டபோது இன்னொன்றும் சொன்னார்: "பெண் பிள்ளைக்கு நெட்பால் போதாதா?" என் மகள் பக்கத்தில்தான் நின்றாள். 1859இல் விதி எழுதிய ஆட்டம் இது. ஏஎஃப்எல் என்ற இதன் தேசிய லீக்கில் பெண்களுக்கென்று போட்டி வந்தது 2017இல். இத்தனை காலம் கழித்துத் திறந்த கதவை இந்த மனிதர் எங்கள் வேலியோரத்தில் நின்று சாத்தப் பார்க்கிறார். அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றாமலே படுத்துவிட்டாள்.

மாடி ஜன்னலிலிருந்து பந்து தெரிகிறது. அவருடைய எலுமிச்சை மரத்தடியில், ராத்திரி முழுக்க மழையில் கிடந்திருக்கிறது. தோல் பந்து ஐயா அது! ஊறினால் கனத்துப்போகும், அப்புறம் பிள்ளைக் காலுக்கு அது கல். எடுத்து உள்ளே வைக்கவாவது தோன்ற வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை தருகிறாராம். அதே ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழே முக்காலுக்கு இலை ஊதும் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு எங்கள் படுக்கையறை ஜன்னலோரம் நடக்கிறாரே, வார இறுதியில் ஒன்பது மணிக்கு முன்னால் அந்தச் சத்தம் கூடாது என்பது எங்கள் விக்டோரியா மாநிலத்தில் சட்டம். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது அந்த இயந்திரத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டேனா நான்?