மூக்கைத் தூக்கும் முன் பின்பட்டையை எண்ணிப் பாருங்க

காலி பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் குனிந்தும் தெரியும். "மூக்கு குத்துது, ரெண்டு இஞ்ச் தூக்கிக் குடுங்க" என்று பட்டறையில் கேட்பவர்கள் டெல்டாவில் நிறையப் பேர். தூக்கிக் கொடுப்பவர்களும் நிறைய. எனக்கு இதில் ஒரே ஒரு சண்டைதான். வண்டி மட்டமாக இருக்கிறதா என்பதை லோடோடு நிறுத்தி அளக்கணும், காலியாக நிறுத்தி அல்ல.

கம்பெனிக்காரன் பின்பக்கத்தை வேண்டுமென்றுதான் உயரமாக வைக்கிறான். லோடு பெரும்பாலும் பின் ஆக்ஸில் மேல்தான் உட்காருகிறது. ஏற்றினால் பின்பக்கம் 3 இஞ்ச் இறங்கும்போது முன்பக்கம் அரை இஞ்ச்கூட அசையாது. அந்த 3 இஞ்சுக்கு இடம் விட்டுத்தான் காலி வண்டியை முன்னால் சாய்த்து வைத்திருக்கிறார்கள். காலியில் மட்டமாக்கினால், நெல் ஏற்றிய அன்று வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு போகும்.

நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 1.7 டன் வகைப் பிக்கப்பில் 42 மூட்டை ஏற்றினாலே கணக்கு முடிந்தது. 70 மூட்டை ஏற்றினால் 2.8 டன். அதைத் தாங்குவதற்காகப் பின்னால் ரெண்டு பட்டை (ஆக்ஸிலைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் தகடு) கூடுதலாகச் சொருகுகிறோம். பட்டை ஏறியதும் காலியில் பின்பக்கம் இன்னும் எழும்புகிறது, முன்பக்கம் இறங்கிவிட்ட மாதிரி தெரிகிறது. உடனே முன்பக்கத்தைத் தூக்கச் சொல்கிறோம். நோய் பின்னால், மருந்து முன்னால். வண்டியின் கையேட்டில் பின்னால் எத்தனை பட்டை என்று பாருங்க, கீழே குனிந்து எண்ணிப் பாருங்க. கூடுதலாக இருந்தால் முதலில் அதைப் பேசணும்.

கூடுதல் பட்டையால் பிரேக்கும் கெடுகிறது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு சேர்ந்த லோடு வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப அது பின்சக்கர பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை கூட்டினால் லோடு ஏற்றியும் பின்பக்கம் இறங்காது. வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். 2.8 டன்னோடு வாய்க்கால் கரை ரோட்டில் வந்து மதகுத் திருப்பத்தில் பிரேக் மிதிக்கும்போது அந்தக் கணக்கு தெரியும். அழகுக்காகப் பின்பட்டையை எடுத்து இறக்குகிறவர்களுக்கு இதே தலைகீழாக வரும்: காலி வண்டியில் பின்சக்கரம் லாக் ஆகி வால் சுற்றும்.

சரி, பின்னால் எல்லாம் கம்பெனிக் கணக்குப்படி இருக்கிறது, முன்பக்கம் உண்மையிலேயே தொய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை அளந்து உறுதி செய்யுங்க. தரையிலிருந்து அளக்காதீங்க, டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். ஹப்பின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் மில்லிமீட்டரில் எழுதுங்க. வண்டியை நிறுத்த ரைஸ்மில் களம் வசதி என்று தோன்றும். ஆனால் நெல் காயப்போடும் களம் மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை நாலு டயர் இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்துங்க. அளக்கும் முன் முன்னும் பின்னும் ரெண்டு மீட்டர் உருட்டி, பம்பரை அமுக்கி ஆட்டிவிடணும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு எடுத்த அளவு பொய்.

இடது வலது வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பேட்டரி, டேங்க், டிரைவர் எடைதான். அதற்கு மேல் இருந்தால் உடைந்த பட்டை, தேய்ந்த ரப்பர் புஷ், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தது என்று தேடுங்க. பட்டை பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டையில்தான் விரியும். சேறு அப்பியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கழுவிவிட்டுப் பாருங்க. வேதாரண்யத்தில் உப்பு ஏற்றுகிற வண்டிகளிலும், நாகப்பட்டினத்தில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் ஏற்றுகிற வண்டிகளிலும் பட்டைகளுக்கு நடுவே துரு பூத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பட்டை வளையாமல் விறைத்துப்போய், துரு அரித்த பள்ளத்திலிருந்து விரிசல் விடும். அந்த வண்டிக்கு உயரம் ஏற்றுவது வீண் செலவு, செட்டையே மாற்றுங்க.

எப்படித் தூக்குவது என்பது முன்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டாடா ஏஸ் போல முன்னாலும் பட்டை உள்ள வண்டி என்றால், புதுப் பட்டை செட்தான் முதல் வழி. ரெண்டாவது, பழைய பட்டைக்கு வளைவு ஏற்றுவது. இங்கேதான் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம். பிரஸ்ஸில் குளிர்ச்சியாகவே வளைத்தால் கொஞ்ச காலம் நிற்கும், மறுபடி தொய்யும், ஆனால் ஆபத்தில்லை. கேஸ் வைத்துச் சிவக்கச் சூடு பண்ணி வளைப்பவரிடம் கொடுக்காதீங்க. ஸ்பிரிங் ஸ்டீலின் உயிரே அதன் பதம்தான். சூடு காட்டிவிட்டு முறையாக எண்ணெயில் குளிர்வித்து மறுபதம் ஏற்றாவிட்டால் ஒன்று இளகி வாரத்தில் படுத்துவிடும், இல்லை கண்ணாடி மாதிரி உடையும்.

மூன்றாவது, ஒரு பட்டை சேர்ப்பது. உயரம் வரும், விறைப்பும் சேர்ந்தே வரும். கப்பி ரோட்டில் ஸ்டீரிங் கையில் உதைக்கும். சேர்த்தால் சென்டர் போல்ட்டும், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டும் நீளமானதாக வேணும். நட் இறுகிய பிறகு ரெண்டு மூன்று மரையாவது வெளியே தெரியணும். சென்டர் போல்ட் தலை ஆக்ஸில் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்க. உட்காராமல் யூ போல்ட் இறுக்கினால் ஆக்ஸில் கோணலாக நிற்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது, ஒரு தடவை இறுக்கும்போதே அது நீண்டுவிடுகிறது.

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது பின் ஆக்ஸிலில் சகஜம். முன்னால் வைக்காதீங்க. பிரேக் பிடிக்கும்போது முன் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும், கட்டையின் உயரம் அந்த முறுக்கை நெம்புகோல் மாதிரி பெரிதாக்கும், ஒருநாள் கட்டை நழுவும். ஸ்டீரிங் இருக்கிற ஆக்ஸில் அது.

முழு ஆக்ஸில் வண்டியில் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாறாது. ஆனால் உயரம் ஏறினால் ஸ்டீரிங் பாக்ஸின் டிராப் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடின் கோணம் மாறி ஸ்டீரிங் கோணலாகும். ஸ்டீரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டி ஏமாற்றாமல், ராடின் நீளத்தைத் திருத்தணும்.

டாடா ஸீனான் போல டோர்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு) உள்ள வண்டியில் வேலை சுலபம், அதனாலேயே அதிகம் கெடுகிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, சக்கரம் தொங்கட்டும். அட்ஜஸ்ட் போல்ட்டில் வெளியே நீட்டியிருக்கும் மரையின் நீளத்தை அளந்து எழுதி, பெயின்ட் கோடு போடுங்க. ரெண்டு பக்கமும் சமமாக ரெண்டு சுற்று, அவ்வளவுதான். இறக்கி, ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி, அளந்துவிட்டு அடுத்த சுற்று. பாரம் பாரில் இருக்கும்போதே போல்ட்டை முறுக்கினால் மரை சிதையும்.

போல்ட்டை முறுக்கினால் பார் விறைப்பாகிறது என்று நம்புகிறார்கள். ஆகாது, பாரின் பலம் அதேதான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம், தனக்குக் கீழே உள்ள தடுப்பு ரப்பரில் போய் உட்கார்ந்துவிடுவதால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடம் இல்லாமல் போகிறது, அதுதான் "தடக்" என்று கேட்கிறது. ஆர்முக்கும் அந்த ரப்பருக்கும் நடுவே ஒரு விரலாவது போகணும்.

இசுசு டி-மேக்ஸ், ஹைலக்ஸ் மாதிரி காயில் ஸ்பிரிங் வண்டிகளில் ஷாக்கின் மேல்தட்டுக்கு மேலே ஸ்பேசர் வைப்பார்கள். ஆர்மின் நடுவில் ஸ்பிரிங் உட்காருவதால் ஸ்பேசர் கனத்தைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு சக்கரத்தில் உயரும். 1 இஞ்ச் வேணுமென்றால் ஸ்பேசர் சுமார் அரை இஞ்ச். இது தெரியாமல் 2 இஞ்ச் ஸ்பேசர் வாங்கி வைப்பவர்கள் உண்டு. மேல் பால் ஜாயின்ட் எல்லைக்கே போய்விடும். நாலு சக்கர டிரைவ் என்றால் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் கோணம் ஏறி ரப்பர் பூட் கிழியும், கிழிந்த பூட்டுக்குள் வயல் சேறு போனால் ஜாயின்ட் முடிந்தது. ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டிய வேலையை ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் கயிறு கட்டிச் செய்யாதீங்க, அது துப்பாக்கி.

எந்த வகையானாலும் 1 இஞ்ச், அதிகம் போனால் ஒன்றரை. அதற்கு மேல் ஷாக் முழுக்க நீண்டு அதுவே தடுப்பாகிவிடும், சீல் போகும். வேலை முடிந்ததும் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்க. ரப்பர் புஷ் போல்ட்களைக் கடைசியாக, வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். தனித்தனி ஆர்ம் உள்ள வண்டிக்கு அன்றே அலைன்மென்ட். உயர்த்தினால் சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாயும், டயரின் வெளி ஓரம் தேயும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை ஒரு தடவை இறுக்கிப் பார்க்கணும், புதுப் பட்டை அமர்ந்து கொடுத்திருக்கும்.

வைக்கோல் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எடை குறைவு, உயரம் அதிகம். முன்பக்கத்தையும் தூக்கினால் கோடியக்கரைப் பக்கத்துக் காற்றில் வண்டி ஆடுவது கூடும். அந்த வண்டிகளில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தொய்ந்த பட்டையைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதற்கு மேல் போனால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் கேள்வி வரும். அதிக பாரத்துக்கு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அந்தப் பணத்துக்குப் புதுப் பட்டை செட்டே வாங்கலாம்.

எல்லாரும் மறக்கிற வேலை ஹெட்லைட். வீல்பேஸ் 3 மீட்டர் என்று வையுங்க. முன்பக்கம் 25 மில்லிமீட்டர் ஏறினால் வெளிச்சம் 25 மீட்டர் தூரத்தில் 21 சென்டிமீட்டர் மேலே போகும். டிம் வெளிச்சத்துக்கு விட்டிருக்கும் சாய்வே 100க்கு 1 அளவுதான், அதில் முக்கால்வாசிக்கு மேல் இதிலேயே போச்சு. மேலே லோடு ஏறிப் பின்பக்கம் 75 மில்லிமீட்டர் இறங்கினால் எதிரே சைக்கிளில் வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். திருவையாறு, பாபநாசம் பக்கத்து ஒற்றை ரோடுகளில் ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், அவர் ஒதுங்க இடமில்லை.

செவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி மட்டமான தரையில் வண்டியை நிறுத்துங்க. வழக்கமாக ஏற்றுகிற லோடு மேலே இருக்கட்டும். ஹெட்லைட் நடுவின் உயரத்தைச் செவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம்மில் போடும்போது வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் உட்காரணும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று திருகு இருந்தால் காலியில் 0வில் வைத்துச் சரிசெய்யுங்க, லோடு ஏற்றியதும் எந்த எண்ணில் விளிம்பு கீழ்க்கோட்டுக்கு வருகிறது என்று பார்த்து அதைத் திருகுக்குப் பக்கத்திலேயே பெயின்டால் குறித்துவையுங்க. டிரைவர் மாறினாலும் அந்தக் குறி இருக்கும்.