எஸ்பிபி குழுவின் ஒலி மாறிய கதை: பேஸ் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

போலந்தின் எஸ்பிபி குழுவைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே வரிசையைத்தான் ஒப்பிக்கிறார்கள். (நம் பாடகர் எஸ்.பி.பி. அல்ல, சிலேசியா நிலக்கரிப் பகுதியின் சியெமியனோவிட்சே நகரில் 1971-ல் தொடங்கிய மூவர் குழு.) முதலில் புளூஸ், பிறகு ப்ரோக்ரெசிவ் ராக், அப்புறம் ஜாஸ் ஃப்யூஷன். வரிசை சரிதான். ஆனால் ஒலி ஏன் அப்படி மாறியது என்பதற்கு அதில் பதில் இல்லை. என் பதில் ரொம்பச் சின்னது: பேஸை, அதாவது அடிநாதத்தை, யார் வாசிக்கிறார்கள் என்பது மாறும்போதெல்லாம் குழுவின் ஒலியும் மாறியது.

மூன்று பேர். யூசெஃப் ஸ்க்ஷெக் பேஸ் கிட்டார், கீபோர்டுகள், குரல், ஹார்மோனிகா. அப்போஸ்டோலிஸ் அந்திமோஸ் கிட்டார்; கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை, குழு தொடங்கியபோது வயது 17 தான். யெஜி பியோட்ரோவ்ஸ்கி டிரம்ஸ். இந்தப் பட்டியலிலேயே சிக்கல் தெரிகிறது. பேஸும் கீபோர்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. அவருக்கு இருப்பது இரண்டு கை.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. பெயர் அப்போது சிலேசியன் புளூஸ் பேண்ட். விரைவிலேயே போலந்தின் பிரபல பாடகர் செஸ்வாவ் நியெமென் இவர்களைத் தன் பின்னணிக் குழுவாக எடுத்துக்கொண்டார். அவரே ஹேமண்ட் ஆர்கன் (மின்சார ஆர்கன்) வாசிப்பவர் என்பதால், ஸ்க்ஷெக் பேஸில் ஊன்றி நிற்க முடிந்தது. 1972 ஒலிம்பிக் சமயம் மியூனிக்கில் நடந்த விழாவில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா வாசித்த அதே மேடையில் இவர்களும் வாசித்தார்கள். (அந்தக் குழுவின் ஜான் மெக்லாஃப்லின்தான் சில ஆண்டுகளில் எல். சங்கர், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவில் வாசித்தவர்.) 1973-ல் வந்த நியெமெனின் இரண்டு பகுதி ஆல்பத்தைக் கேளுங்கள். பேஸ் கனமாக, இடைவிடாமல் ஓடும். இடம் நிரப்புவது ஆர்கனும் குரலும்.

நியெமெனைப் பிரிந்த பிறகு பெயரின் எழுத்துகள் அப்படியே இருக்க, விரிவு மட்டும் மாறியது: ஷூகாய், பூஷ், பூதுய். தேடு, உடை, கட்டு. 1974-ல் வார்சாவின் ஸ்டொடோவா கிளப்பில் நேரடியாகப் பதிவான முதல் ஆல்பத்தில் கீபோர்டு பின்னால் நிற்கிறது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் முட்டி மோதுகின்றன. பேஸ் அடியில் ஒதுங்கி நிற்கவில்லை, இரண்டாவது கிட்டார் போல முன்னால் வந்து பேசுகிறது. பலருக்கு இதுதான் உண்மையான எஸ்பிபி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சக்தி இருக்கிறது, ஆனால் 20 நிமிடத்துக்கு மேல் கேட்டால் எல்லாமே ஒரே உயரத்தில் கத்துவது காதுக்குத் தெரிந்துவிடும்.

மாற்றம் தொடங்குவது 1975-ன் ‘நோவி ஹொரிசோன்ட்’ ஆல்பத்தில். முதல் பக்கத்தில் நான்கு உருப்படிகள், இரண்டாம் பக்கம் முழுக்க ‘வோல்னோஷ்ச் ஸ் நாமி’ என்ற ஒரே உருப்படி. 1976-ன் ‘பாமியென்ச்’ ஆல்பத்துக்கு வரும்போது சிந்தசைஸர்தான் குழுவின் முகம். 1977-ல் ‘ஸே ஸ்வோவெம் பியெக்னெ டோ சியெபியே’: பக்கத்துக்கு ஓர் உருப்படி, மொத்தம் இரண்டே.

இங்கே மினிமூக் என்ற சிந்தசைஸரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஸ்க்ஷெக்கின் பெயரே அதோடு ஒட்டிப்போனது. 44 கட்டைகள், ஒலியை உண்டாக்கும் மூன்று ஆஸிலேட்டர்கள், ஒரு சமயத்தில் ஒரு சுரம் மட்டும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு (chord) வாசிக்க முடியாது. இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் கீழே இருக்கும் சுரம்தான் ஒலிக்கும். அதனால் கீழ்ச் சுரத்திலிருந்து விரலை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தாலும் மேலே வாசிக்கும் சுரம் கேட்காமலே போய்விடும். முந்தைய கட்டையை விடாமல் அடுத்ததற்குப் போனால் ஒலியின் தொடக்க அழுத்தம் திரும்ப வராது; சுரம் மட்டும் நழுவும். ஸ்க்ஷெக்கின் நீண்ட, பாடுவது போன்ற வரிகளில் கேட்பது இந்த நழுவலைத்தான். முறையாகப் பியானோ பயின்றவர் ஒருவர், பியானோப் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒற்றைச் சுரக் கருவியின் விதிக்குத் தன் விரலைப் பழக்கியிருக்கிறார். வேகமாக வாசிப்பதைவிட இது கடினம் என்பது என் எண்ணம்.

இன்னும் முக்கியமானது இடது கை. சுரத்தை வளைக்கும் சக்கரமும் அதிர்வு கூட்டும் சக்கரமும் கட்டைகளுக்கு இடப்பக்கம் இருக்கின்றன. சுரம் பேச வேண்டுமானால் இடது கை அங்கே போயாக வேண்டும். போய்விட்டால் பேஸ் வாசிக்கக் கை இல்லை. அதனால்தான் அந்தக் கால மேடைப் பதிவுகளில் சிந்தசைஸர் தனி வாசிப்பு தொடங்கும்போதெல்லாம் தரை விலகியது போல ஓர் உணர்வு வருகிறது. அந்த இடத்தை பியோட்ரோவ்ஸ்கி பேஸ் டிரம்மாலும் ஃப்ளோர் டாமாலும் (தரையில் நிற்கும் கனத்த ஒலி டிரம்) நிரப்புகிறார், அந்திமோஸ் தடித்த கம்பிகளில் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். பியோட்ரோவ்ஸ்கியின் ‘கனமான கை’ பற்றிப் புகழ்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் கனமாக அடித்தது பாணிக்காக மட்டுமில்லை. அந்த நேரத்தில் அடிநாதமே அவர்தான்.

ஸ்டுடியோவில் இந்தக் கஷ்டம் கிடையாது. பேஸை ஒரு ட்ராக்கில் வாசித்துவிட்டு அதன்மேல் பியானோ, மேலே மினிமூக், மேலே குரல் என்று அடுக்கிக்கொள்ளலாம். ‘பாமியென்ச்’ ஆல்பத்தில் பேஸும் கீபோர்டும் ஒரே சமயத்தில் ஒலிக்கும் இடங்கள் எல்லாம் ஓவர்டப். ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுகிறார். ஆகவே ஸ்டுடியோ எஸ்பிபியும் மேடை எஸ்பிபியும் இரண்டு தனிக் குழுக்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் அமைதியை மேடைப் பதிவில் தேடி ஏமாறுவது, மேடையின் மூர்க்கத்தை ஆல்பத்தில் தேடி ஏமாறுவது இரண்டும் இதனால் வருபவை.

அந்த நீண்ட உருப்படிகளுக்கு இசைத்தட்டும் ஓர் எல்லை போட்டது. ஒரு பக்கம் 20, 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலி அளவையும் அடிநாதத்தையும் குறைக்க வேண்டும். பேஸை நம்பி நிற்கும் குழு அதற்கு மேல் நீட்டாமல் நிறுத்தியது நல்லதே.

அந்தக் காலத்துப் போலந்து ஃப்யூஷனில் வேறு வழியும் இருந்தது. க்ராகோ நகரின் லபோராடோரியம் குழு 1976-ன் ‘மாடர்ன் பென்டத்லான்’ ஆல்பம் போட்ட காலத்தில் கிஷிஸ்டோஃப் ஸ்சியெரான்ஸ்கி என்ற முழுநேர பேஸ் கலைஞர் அவர்களிடம் இருந்தார். கீபோர்டுக்காரர் யானுஷ் கிஷிவாச் அடியைப் பற்றிக் கவலைப்படாமல் வண்ணம் தீட்டலாம். அதன் தாளம் சீராக, நெகிழ்வாக ஓடுகிறது. எஸ்பிபியின் தாளம் எப்போதும் கொஞ்சம் விளிம்பில் நிற்கிறது. இரண்டில் எனக்குப் பிடித்தது விளிம்புதான்.

1979 வாக்கில் நான்காவதாக ஸ்வாவோமிர் பிவோவார் வந்தார், கிட்டார், கிளாவினெட் (ஒரு வகை மின்சாரக் கீபோர்டு). இசை உடனே இலேசானது. ஒருவர் இன்னொருவரின் ஓட்டையை அடைக்க ஓட வேண்டியதில்லை. பதிவு 1980-ல் முடிந்து மறு ஆண்டு வெளிவந்த ‘மெமென்டோ ஸ் பனால்னிம் டிரிப்டிகியெம்’ இவர்கள் எட்டிய உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாம் பக்கத்தை நிரப்பும் தலைப்பு உருப்படியில் அமைதியான இடங்களில்கூட அடி விலகுவதில்லை. தட்டு கடைக்கு வருமுன் குழுவே கலைந்துவிட்டது. அதே நான்கு பேர் இன்னும் இரண்டு ஆல்பம் போட்டிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

புதிதாகக் கேட்பவர்களுக்குச் சில விஷயங்கள். போனின் ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போன் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. மேல் அதிர்வுகளை வைத்துச் சுரத்தை மூளை ஊகித்துக்கொள்ளும், எடை வராது. சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும். முதலில் ‘பாமியென்ச்’, அடுத்து ‘மெமென்டோ’, அதன் பிறகு 1974 நேரடிப் பதிவு. குறுந்தட்டு மறுபதிப்புகளில் கச்சேரிப் பதிவுகளைக் கடைசியில் ஒட்டியிருக்கிறார்கள், ஸ்ட்ரீமிங்கிலும் அப்படியே வருகின்றன. முதல் தடவை மூல ஆல்பம் முடியும் இடத்திலேயே நிறுத்துங்கள். ‘எஸ்பிபி’ என்ற ஒரே பெயரில் 1974-ல் ஒன்று, 1978-ல் கிழக்கு ஜெர்மனியின் அமிகா நிறுவனம் வெளியிட்டது ஒன்று, 2012-ல் ஒன்று என்று பல ஆல்பங்கள் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங்கில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் மறுபதிப்பின் ஆண்டு. எனவே பாடல் பெயர்களைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் பேட் மெத்தனியின் குழுவில் முன்பு இருந்த பால் வெர்டிகோ, 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள் எஸ்பிபியில் டிரம்ஸ் வாசித்தார். ‘நியூ செஞ்சுரி’ (2005) அந்தக் கட்டத்துப் பதிவு. அவர் எடையை டாமிலிருந்து சிம்பலுக்கு மாற்றிவிட்டார். ஒலி அகலமாகி மேலே மிதக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்க்ஷெக் பேஸை விட்டு மினிமூக் பக்கம் போகும்போது கீழே தாங்கிக்கொள்ள அந்தப் பழைய ஃப்ளோர் டாம் இல்லை, அந்திமோஸின் கிட்டார் மட்டும் தனியாகத் தாங்குகிறது.