மாற்றுவது பேராசிரியர் மட்டும்தானா?
பேராசிரியர்கள்தான் மாணவர்களின் நம்பிக்கைகளை மாற்றுகிறார்கள் என்று இந்தக் கட்டுரை அடித்துச் சொல்வது எனக்கு ஒட்டவில்லை. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரியில் சமூக உளவியலாளர் தியோடர் நியூகோம் செய்த ஆய்வில், பழமைவாதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவிகள் பலர் படிப்பு முடிவதற்குள் தாராளவாதப் பக்கம் சாய்ந்தார்கள், ஆனால் கல்லூரிச் சூழலை அல்லாமல் வீட்டையே அளவுகோலாக வைத்திருந்தவர்கள் அவ்வளவாக மாறவில்லை, பேராசிரியர்கள் இரு தரப்புக்கும் ஒன்றுதானே. எனக்கும் வகுப்பில் கேட்டது பாதி மறந்துபோனது, என்னை மாற்றியவன் விடுதி அறைத் தோழன்தான், நான் ஏதாவது உறுதியாகச் சொன்னால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு “சரி, உனக்கு எப்படித் தெரியும்?” என்பான், எரிச்சலாக வரும், ராத்திரி பதில் தேடிக்கொண்டே படுத்திருப்பேன். அப்புறம், பட்டம் வாங்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார், ஆனால் அந்தப் பென்னிங்டன் மாணவிகளை ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து மறுபடி விசாரித்தபோதும் பெரும்பாலோர் அதே பக்கம்தான் நின்றார்கள்.