ஜிம்மி காப் வெறும் கடிகாரமா?

இரண்டு நாளாக எல்லாரும் பகிரும் அந்த 'தலைசிறந்த பத்து ஜாஸ் டிரம்மர்கள்' பட்டியலைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதில் ஜிம்மி காப் இல்லை. சரி, பட்டியல் போட்டால் யாராவது விடுபடத்தான் செய்வார்கள். ஆனால் ஏன் இல்லை என்று கேட்டவருக்கு வந்த பதில்தான் தூங்கவிடவில்லை: "காப் கடிகாரம் மாதிரி. தாளம் தவறமாட்டார், அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள் என்று பதிவான இசைத்தட்டு. அதில் டிரம்ஸ் காப். முதல் பாட்டில் மெட்டு முடிந்து மைல்ஸின் சோலோ, அதாவது தனி வாசிப்பு, தொடங்கும் இடத்தில் சிம்பல் என்ற பித்தளைத் தட்டில் ஒரு அடி விழும். ஒரே அடி. அது உடனே அடங்காது. அந்த அதிர்வு கரையக் கரைய அதன் மேல்தான் ட்ரம்பெட் எழுந்து வரும். எந்தக் கடிகாரம் அப்படி அடிக்கும்?

அப்புறம் ஒன்பது நிமிடப் பாட்டு முழுக்க தாள நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ரைடு சிம்பல், பால் சேம்பர்ஸின் பேஸோடு (கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம்) ஒட்டிக்கொண்டு. கேட்க எளிதாக இருக்கும். குச்சியை எடுத்து ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். கை ஓடப் பார்க்கும், மனம் எதையாவது சேர்க்கச் சொல்லும். இரண்டையும் அடக்கிக்கொண்டு அந்த நடையை உயிரோடு வைத்திருப்பதுதான் வித்தை.

இது எனக்கு அடிபட்டுத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு ஓட்டலில் பியானோ, பேஸ், நான் என்று மூன்று பேர் வாசித்தோம். கிடைத்த இடைவெளியில் எல்லாம் உருட்டித் தள்ளினேன். கைதட்டலும் வந்தது. முடிந்ததும் பியானோக்காரர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நான் வாசிச்சதை ஒரு தடவையாவது கேட்டியா?" கேட்கவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து காப் வாசிப்பைத்தான் போட்டேன்.

"அப்படியானால் டோனி வில்லியம்ஸ்?" என்பீர்கள். 1963இல், பதினேழு வயதில் மைல்ஸிடம் வந்து டிரம்ஸ் வாசிப்பையே புரட்டிப் போட்டவர். மறுக்கவில்லை, அவர் பட்டியலில் இருக்கட்டும். காப் அந்த மாதிரி புதிய வழி எதையும் திறக்கவில்லை என்பதும் ஓரளவு உண்மை. ஆனால் புதிதாகச் செய்தவருக்கு மட்டும்தான் இடம் என்றால், இருக்கிற வழியில் இவ்வளவு அழகாக நடந்தவரை எங்கே வைப்பது? "வேகம் இல்லை, சோலோ இல்லை" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. டிரம்ஸை மற்போராகப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

எனக்கு வலிப்பது பட்டியல்கூட இல்லை. டிரம்மரை யாரும் கேட்பதே இல்லை. விமர்சனம் எழுதுகிறவர்கள் ட்ரம்பெட்டுக்கு நான்கு பத்தி, சாக்ஸஃபோனுக்கு நான்கு பத்தி எழுதிவிட்டு, கடைசி வரியில் 'டிரம்ஸ் கச்சிதம்' என்று முடிக்கிறார்கள். என் அப்பாவும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார், "எப்போடா பாட்டு வாசிக்கக் கத்துக்கப்போறே?" என்று.

அந்த இசைத்தட்டில் வாசித்த ஏழு பேரில் கடைசியாக உயிரோடு இருந்தவர் காப். 2020 மே மாதம், 91 வயதில் போனார். அன்று இங்கே நாலு வரி எழுதினேன். முதலில் வந்த கேள்வி, "யார் இவர்?"