“அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

நேற்று சாயங்காலம், சேலம் அழகாபுரத்தில் நான் வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் சாவியைக் காலி செய்தவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஏப்ரல் 5-ம் தேதி வாடகை வரவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். “அக்கா, ஜூன் கடைசியில காலி பண்றோம். மூணு மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்றார் குடியிருந்தவர். சம்மதமா என்று கேட்கவில்லை, முடிவைச் சொன்னார். ஏதோ நான் அவருடைய பணத்தைப் பூட்டி வைத்திருந்த மாதிரியும் இப்போது அவர் அதைத் திறந்து எடுத்துக்கொள்கிற மாதிரியும் ஒரு பேச்சு.

அட்வான்ஸ் என்பது கடைசி மூன்று மாத வாடகை இல்லை. ஆள் காலி செய்த பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்து, உடைந்தது, கட்டாமல் விட்டது எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவதற்காக வாங்குவது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் பிடித்துக்கொண்டு, மீதியைத் தர வேண்டும். தனியாக வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் கூடாது. என் அப்பா, சேலத்திலேயே குகைப் பகுதியில் இருக்கும் வீட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கினார். நான் சட்டப்படியே நடப்போம் என்று மூன்று மாதம், 27,000 ரூபாய் வாங்கினேன். அந்த மூன்று மாதத்தையும் அவர் உட்கார்ந்தே கழித்துவிட்டார் என்றால் என் கையில் என்ன இருக்கிறது?

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். காலை 9 மணிக்குச் சாவி தருவதாகப் பேச்சு. எட்டே முக்காலுக்கே போய்விட்டேன். பாதிச் சாமான் இன்னும் கட்டவே இல்லை. “வண்டி வந்துட்டே இருக்குதுக்கா” என்றார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வெயிலில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுப் படியில், நான் இன்னும் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் படியில், ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. டாடா ஏஸ் வந்தது இரண்டரைக்கு. ஏற்றி முடிக்க நாலு மணி ஆகிவிட்டது.

உள்ளே போனேன். ஹால் சுவரில் டிவி மாட்டிய இடத்தில் ஆறு துளை. படுக்கையறையில் ஐந்து. சமையலறையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, சிம்னிக்குப் போட்டதாம். போடும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? “நாங்க இருக்கிற வீட்டுல எங்க வசதிக்கு போட்டோம்க்கா” என்கிறார். கேட் சாவி மூன்று கொடுத்திருந்தேன், ஒன்றுதான் வந்தது. கரண்ட் பில் 2,140 ரூபாய் பாக்கி. கார்டு என் பேரில் இருக்கிறது. நான் கட்டாவிட்டால் என் வீட்டு ஃபியூஸைத்தான் பிடுங்குவார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். குளியலறைக் குழாயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே போர் தண்ணீர் உப்பு. மலிவான குழாய் ஆறு மாதத்தில் வெள்ளை பூத்து அடைத்துவிடும் என்பதால் கனமான பித்தளைக் குழாய் இரண்டு நானே செவ்வாய்ப்பேட்டையில் பார்த்து வாங்கிப் போட்டிருந்தேன். நேற்று அந்த இடத்தில் நீலப் பிடி வைத்த பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது! வெள்ளை டேப்பைச் சரியாகக்கூடச் சுற்றவில்லை, நுனி வெளியே தொங்குகிறது, அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து டைல்ஸ் இடுக்கெல்லாம் பச்சை படிந்துவிட்டது. எங்கே என் குழாய் என்றேன். “அது ரிப்பேர் ஆச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டோம்.” இரண்டுமா? ஒரே நாளிலா? பித்தளையை யாராவது குப்பையில் போடுவார்களா?

ஒப்பந்தத்தில் காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை என்று தெளிவாக எழுதி அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைக் காட்டியதும் வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்: “உங்களுக்கென்னக்கா, மூணு வீட்டு வாடகை வருது.”

அந்த வார்த்தைதான் ராத்திரி முழுக்கக் காதில் கேட்டது.

மூன்று வாடகை வருகிறது, உண்மைதான். குகையில் அப்பாவின் வீட்டில் இரண்டு போர்ஷன், அழகாபுரத்தில் இது. இந்த வீட்டை இன்றைக்கு விற்றால் 45 லட்சம் போகும். மாதம் 9,000 என்றால் வருஷத்துக்கு 1,08,000. நூற்றுக்கு இரண்டரை ரூபாய்கூடத் தேறவில்லை. வங்கியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே இதைவிட இரண்டு மடங்கு வரும். இதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி, மோட்டார் காயில், டேங்க் கழுவ ஆள், வீட்டுக்கடன் தவணை. வருமான வரிக்காரர்களே சொத்து வரி போக மிச்ச வாடகையில் நூற்றுக்கு முப்பதைச் செலவென்று கழித்துக்கொள்ள விடுகிறார்கள். வீடு என்றால் செலவு உண்டு என்று அவர்களுக்குப் புரிகிறது, குடியிருந்தவருக்குப் புரியவில்லை.

குகை வீட்டின் மேலே ஒரு மாடி எடுத்து நாலாவதாக ஒரு வாடகை வர வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகத் தனிக் கணக்கில் சேர்த்து வருகிறேன். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் அதில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் காலி செய்த நேரத்தைப் பாருங்கள். துளை அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் காய்வதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் சேலத்தில் யார் வீடு மாறுவார்கள்? ஊரே கோட்டை மாரியம்மன் பண்டிகையில் இருக்கும். ஆவணி வரைக்கும் வீடு பூட்டியே கிடக்கும், தவணை மட்டும் தேதி தவறாமல் போகும். ஏப்ரலில் போன் செய்தபோதே மே மாதம் காலி செய்கிறேன் என்றிருந்தால் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே ஆள் வந்திருக்கும்.

கொதிப்போடு திரும்பி வரும் வழியில், பிள்ளைகளுக்காவது ஏதாவது வாங்குவோம் என்று ஒரு தள்ளுவண்டியில் மல்கோவா இரண்டு கிலோ வாங்கினேன். மேலே மஞ்சள் மஞ்சளென்று இருந்தது. வீட்டில் வந்து அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாக, புளிக்கப் புளிக்க, பச்சைக் காய். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது. மாம்பழத்துக்குப் பேர் போன ஊரில், சீசனில், காசு கொடுத்து நல்ல பழம் ஒன்று தின்ன முடியவில்லை. இரண்டு கிலோவையும் அப்படியே எடுத்துப்போய் மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தேன்.