கதவைத் தட்டினாள், உள்ளே விட்டோம்

நேற்று இரவு ஏழு மணிக்கு என் மகள் ஒரு கட்டுப் புல்லை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள். தூறல், கூடவே பல் கிட்டுகிற குளிர். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றோம். அவள் தட்டினாள். "மண்டியிடுங்கள், கண்ணைத் திறவுங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்" என்று ஐரிஷ் மொழியில் சொன்னாள். "வரட்டும், வரட்டும், நல்வரவு" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னோம். இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை கதவைத் திறந்ததும் குளிர்காற்றோடு சேர்ந்து உள்ளே வந்து, புல்கட்டைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகுதான் சாப்பாடு. வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, அந்தப் புல்லை எடுத்துச் சிலுவை பின்ன உட்கார்ந்தோம்.

இதற்கு இம்போல்க் என்று பெயர். அயர்லாந்தின் பழைய கணக்கில் வசந்தம் பிறக்கிற நாள். ஜனவரி 31 பொழுது சாய்ந்ததும் தொடங்கி மறுநாள் வரை நீளும். இங்குள்ள வானிலைத் துறை வசந்தத்தை மார்ச்சிலிருந்துதான் கணக்கு வைக்கிறது. ஆனால் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் பிப்ரவரி 1 என்றுதான் சொல்லும்.

போன வருடம் இதன் படத்தை இங்கே போட்டபோது இரண்டு விதமான பதில்கள் வந்தன. "என்ன, மதம் மாறிட்டியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "இதெல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதானே" என்று வேறு சிலர் எழுதினார்கள். இரண்டுக்கும் அப்போது பதில் சொல்லவில்லை. ஒரு வருடமாக மனதில் கிடந்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் இதைச் செய்யத் தொடங்கியது 2021இல். அந்த ஜனவரியில்தான் அயர்லாந்தில் கொரோனா உச்சத்தில் இருந்தது. நான் நர்ஸ். விடிவதற்கு முன்னால் வார்டுக்குள் போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவேன். வீட்டுக்கு வந்ததும் துணியை வாசலிலேயே கழற்றி வாளியில் போட்டுவிட்டு, யாரையும் தொடாமல் குளிக்கப் போக வேண்டும். இந்த நாட்டில் டிசம்பர் 21 அன்று பகல் ஏழரை மணி நேரம்தான். அந்த வருடம் எனக்கு அதுவும் கண்ணில் படவில்லை. யாரோடும் பேசப் பிடிக்காமல் இருந்தேன். ஊரில் அம்மா போன் செய்தால்கூட மகளிடம் கொடுத்துவிடுவேன்.

ஜனவரி கடைசி நாள். எதிர்வீட்டு அம்மா, எண்பதைத் தாண்டியவர், எங்கள் கேட்டில் ஒரு கட்டுப் புல்லை வைத்துவிட்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வீடு போகக் கூடாது என்ற காலம் அது. "அறுத்தது இல்லை, பிடுங்கியது. இதை அறுக்கக் கூடாது" என்றார். அங்கிருந்தபடியே, தன் கையில் இருந்த புல்லைத் தூக்கிக் காட்டிக் காட்டி, எப்படிப் பின்னுவது என்று சொல்லிக்கொடுத்தார்.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நம் ஊர்க் கோரை போல இதுவும் ஈரநிலத்தில் வளர்வது. ஆனால் தண்டு உருண்டை. உரித்தால் உள்ளே நெட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும். ஒரு புல்லை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இன்னொன்றை நடுவில் மடித்து அதன் குறுக்கே மாட்ட வேண்டும். கால் சுற்றுத் திருப்பி, அடுத்த புல்லை மடித்து, முன்னால் போட்டதன் மேல் மாட்ட வேண்டும். மறுபடி திருப்பு, மறுபடி மாட்டு. ஒவ்வொரு புல்லும் முந்தைய புல்லைப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலை நடுவிலிருந்து எடுத்தால் எல்லாம் நெகிழ்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் நடுவில் ஒரு சதுரம் எழும்பி வரும். கடைசியில் நாலு கைகளையும் நூலால் கட்டி நுனியை நறுக்கிவிட்டால் முடிந்தது. சிலுவை என்கிறார்கள். எனக்கு அது சின்ன வயதில் ஓலையில் செய்த காற்றாடியாகத்தான் தெரிந்தது. அந்த அரை மணி நேரம் என் விரல்கள் ஊசி, குழாய், மானிட்டர் எதையும் நினைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன்.

இவ்வளவுதான் என் 'மதமாற்றம்'.

சரி, யார் இந்த பிரிஜிட்? நாங்கள் இருப்பது கில்டேர் மாவட்டம், அவளுடைய ஊர். சுமார் 900ஆம் ஆண்டைச் சேர்ந்த கோர்மக் என்ற ஐரிஷ் அரசரின் பெயரில் வழங்கும் பழைய சொற்களஞ்சியம் ஒன்றில், கவிஞர்கள் வணங்கிய தெய்வம் என்று அவளைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. அதே பெயரில் இரண்டு சகோதரிகள்: ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுப் பட்டறைக்கு. அதே பெயரில்தான் கில்டேரில் மடம் நிறுவிய புனிதரும் இருக்கிறார். அவர் ராஜாவிடம் நிலம் கேட்ட கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். "என் போர்வை மூடுகிற அளவு போதும்" என்றாராம். விரித்த போர்வை பரந்து பரந்து கரஹ் சமவெளி முழுவதையும் மூடிவிட்டதாம். அந்தச் சமவெளியைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். இன்றைக்கும் ஆடுகள் மேய்கின்றன. இம்போல்க் என்ற சொல்லையே 'வயிற்றுக்குள்' என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு, சினையாடுகளை வைத்து. ஆட்டுப்பாலோடு சேர்த்துச் சொல்கிறது அந்தப் பழைய சொற்களஞ்சியம். எப்படியோ, கிழக்குக் காற்றில் வயிறு பெருத்து நிற்கிற ஆடுகளைப் பிப்ரவரியில் பார்க்கிறவர்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

நேற்று எங்கள் மேசையில் எதிர்வீட்டு அம்மாவும் இருந்தார், என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் இருந்தாள். அம்மா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அவருக்கு பிரிஜிட் புனிதர். அந்தப் பெண் தன்னை பேகன், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை வணங்குகிறவள், என்றே சொல்லிக்கொள்பவள், வீட்டில் பிரிஜிட் தெய்வத்துக்கு மூன்று மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பவள். போன வருடம் இருவருக்கும் கொஞ்சம் வாக்குவாதமே நடந்தது. நேற்றும் அம்மா "புனிதர்" என்றால் அவள் "தெய்வம்" என்றாள். ஆனால் இருவர் கையும் நிற்காமல் பின்னிக்கொண்டிருந்தது. அம்மா பின்னியது இறுக்கமாக இருந்தது. அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கில்டேர் மடத்தில் அணையாத தீ ஒன்று இருந்ததை 12ஆம் நூற்றாண்டில் வந்த வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதி வைத்திருக்கிறார். பத்தொன்பது கன்னியர்கள் ஆளுக்கு ஒரு இரவு காவல் காப்பார்களாம், இருபதாவது இரவு பிரிஜிட்டே பார்த்துக்கொள்வாராம். நைட் ட்யூட்டி பார்க்கிறவளுக்கு அந்த இருபதாவது இரவு என்றால் என்னவென்று புரியும். பின்னாளில் அணைந்துபோன அந்தத் தீயை 1993இல் பிரிஜிட்டின் பெயரைத் தாங்கிய பிரிஜிடைன் சபைக் கன்னியர்கள் மறுபடி ஏற்றினார்கள்.

இப்போது ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவத்துக்கு முன்னால் இந்த நாளில் என்ன சடங்கு நடந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி கிடையாது. எழுத்தில் இருப்பதெல்லாம் கிறிஸ்தவக் காலத்தில் எழுதப்பட்டவை. இன்றைய பேகன்கள் கொண்டாடுகிற எட்டுப் பண்டிகை ஆண்டுச் சக்கரம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவானது. அதனால் நேற்று எங்கள் வீட்டில் நடந்ததை 'ஈராயிரம் வருடத்துச் சடங்கு' என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதவைத் தட்டுவது, புல்லை மேசைக்கடியில் வைப்பது, பிரிஜிட் தொட்டுவிட்டுப் போவதற்காக ராத்திரி ஒரு துணியை வெளியே போட்டு வைப்பது எல்லாம் பண்ணை வீடுகளில் தாத்தா பாட்டிகள் உண்மையாகச் செய்தவை. 1942இல் அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் இந்த நாளைப் பற்றி ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பி விடைகளைச் சேர்த்து வைத்தது. எதிர்வீட்டு அம்மா தன் பாட்டியிடம் கற்றுக்கொண்டதற்குக் கேள்வித்தாளே தேவைப்படவில்லை. கோயிலோ மாதாகோயிலோ அல்ல, வீட்டு வாசற்படிதான் இதைக் காப்பாற்றி வைத்திருந்தது. அதனால்தான் இதை வீட்டில் செய்ய வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். 2023 முதல் அரசு விடுமுறை கொடுக்கிறார்கள். ஒரு பெண்ணின் பெயரில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் அரசு விடுமுறை அது. சந்தோஷம். ஆனால் விடுமுறை வந்ததும் கடைகளில் பெட்டியும் வந்துவிட்டது: மெழுகுவர்த்தி, காய்ந்த பூ, ஆலையில் பின்னிய சிலுவை. வாங்காதீர்கள். வயலோரம் போய், நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கை நனையப் பிடுங்குங்கள். கை நனைகிறபோதுதான் மண் இளகியிருப்பது தெரியும். வேலிக்கடியில் பனித்துளிப் பூ தலை குனிந்து நிற்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து, 'நம்மகிட்டேருந்து போனது' என்பவர்களுக்கு. பிரிஜிட் என்ற பெயரும் சமஸ்கிருத பிருகதியும் ஒரே வேரிலிருந்து வந்தவை, 'உயர்ந்தவள்' என்று பொருள். மொழியியல் சொல்வது இது, உண்மைதான். சொற்களுக்கு உறவு இருக்கிறது என்பதோடு அது நின்றுவிடுகிறது. அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போய், "இந்தப் பாத்திரம் எங்க வீட்டுது" என்று சொல்வது முறையா? ஒரு ஊரில் இருந்து அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, அந்த ஊர்ச் சம்பளத்தில் பிள்ளையை வளர்க்கிறவர்கள், அந்த ஊரில் பருவம் மாறும்போது ஒரு வணக்கம் வைப்பது மரியாதை. தை பிறந்த அன்று எங்கள் வீட்டில் பொங்கலும் பொங்கியது. ஒன்றுக்காக இன்னொன்றை நான் விடவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று குழப்பவும் இல்லை. பொங்கல் அறுவடைக்குப் பிந்திய சந்தோஷம், களஞ்சியம் நிறைந்த நேரம். இது களஞ்சியம் காலியாகிற நேரத்தில், இன்னும் எதுவும் விளையாதபோது, வந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக் கதவைத் திறப்பது. 2021இல் எனக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது.

இன்று காலை எட்டேகாலுக்குத்தான் நன்றாக வெளிச்சம் வந்தது. ராத்திரி செடியின்மேல் போட்டு வைத்த துணியை எடுக்கப் போனேன். ஒரு பழைய வெள்ளைத் துண்டு. பிரிஜிட் இரவில் அந்தப் பக்கம் போகும்போது தொட்டுவிட்டுப் போவாள், வருடம் முழுக்கத் தலைவலிக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் என்பது வழக்கம். இரவும் காலையும் அளந்து பார்த்தால் நீளம் கூடியிருக்கும் என்றும் சொல்வார்கள். மகள் டேப்பால் அளந்தாள். அரை சென்டிமீட்டர் கூடுதல் என்று சத்தியம் செய்கிறாள். துண்டு முழுக்க ஈரம். பிழியவில்லை, அப்படியே ரேடியேட்டரில் காய வைத்திருக்கிறேன். நாளைக்கு என் ட்யூட்டிப் பையில் போகும்.